காலிக் கோட்டையில் எந்த மொழியில் நடப்பது?

காலிக் கோட்டையை வேகமாக நடந்தால் ஒரு மணித்தியாலத்தில் சுற்றி முடித்துவிடலாம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மதில் ஏறி, வெளிச்சவீடு வரை போய், நாலு செல்ஃபி எடுத்து, ஒரு ஐஸ்கிரீம் குடித்துவிட்டு பஸ் ஏறினால் சரி. பெரும்பாலான பெச் ட்ரிப்புகள் அப்படித்தான் முடிகின்றன. நாங்கள் காலை எட்டரைக்கு உள்ளே போய் வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குக் காரணம் கோட்டை இல்லை. மொழிதான்.

ஒன்பது பேர் போனோம். எல்லாரும் பேராதனை, எல்லாரும் கலைப்பீடம். ஐந்து பேருக்குச் சிங்களம் தாய்மொழி, நாலு பேருக்குத் தமிழ். நான் ஹட்டன் பக்கம், அதனால் எனக்கு இரண்டும் ஓடும். மட்டக்களப்புத் தோழிக்குச் சிங்களம் பாதிதான் புரியும். பேராதனைச் சந்தியில் ரயில் ஏறி, கொழும்புக் கோட்டையில் மாறி, கரையோரப் பாதையில் காலிக்கு. அந்த ரயிலின் வலது பக்க யன்னலைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம், இப்போது வேண்டாம்.

பழைய வாசலடியில் ஒரு வழிகாட்டி கிடைத்தார். அறுபது வயதிருக்கும். அங்கிள் என்று கூப்பிட்டோம், மாணவர்கள் என்றதும் காசைக் குறைத்துக்கொண்டார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, நான் தோழியின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மொழிபெயர்த்துக்கொண்டு நடந்து பாருங்கள், ஒரு விஷயம் தெரியும். சும்மா கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். இன்னொருவருக்குத் திருப்பிச் சொல்லும்போதுதான் கதையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நாக்கு கண்டுபிடிக்கிறது.

அந்தப் பழைய வாசலுக்கு வெளிப்பக்கம் பிரித்தானிய அரச சின்னம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்துகள், இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. பின்னால் வந்தவன் வெளியே தன் பெயரை மாட்டினான், முன்னால் வந்தவனை உள்ளே விட்டுவிட்டான். அங்கிளின் சரித்திரமும் இந்த வாசல் மாதிரிதான் இருந்தது. முதலில் போர்த்துக்கேயர். 1640இல் ஒல்லாந்தர். 1796இல் ஆங்கிலேயர். 1988இல் யுனெஸ்கோ. கொடி மாறும்போதெல்லாம் ஒரு அத்தியாயம்.

கண்டிக்காரர்களான எங்கள் பெடியன்கள் இரண்டு பேர் இந்த இடத்தில் கொஞ்சம் உசாரானார்கள். 1640இல் ஒல்லாந்தர் தனியாக வந்து காலியைப் பிடிக்கவில்லை. 1638இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களோடு ஒப்பந்தம் செய்திருந்தான். போர்த்துக்கேயரை விரட்டினால் போதும் என்பது அவன் கணக்கு. விரட்டினார்கள், பிறகு காலியை அவர்களே வைத்துக்கொண்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்களத்தில் சொல்வார்கள், எங்கள் பெடியன்களும் அதைத்தான் சொன்னார்கள். காலியைப் பிடித்த ஒல்லாந்தத் தளபதி கொஸ்டர் அதே வருடம் கண்டிக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டான். மலைநாட்டுக்கும் இந்தக் கடற்கரைக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டு வந்த எனக்கு அது ஒரு நல்ல தொடக்கம்.

உள்ளே தெருக்கள் ஒடுக்கம், நேர்கோடு. 1755இல் கட்டிய ஒல்லாந்தத் தேவாலயத்தில் தரையெல்லாம் கல்லறைக் கல், மண்டையோடு செதுக்கியது. கடல் ஏறி இறங்கும் நேரத்தை வைத்துக் கழிவுநீர் வாய்க்காலைக் கழுவுகிற மாதிரி நிலத்துக்குக் கீழே கால்வாய் அமைத்திருக்கிறார்கள். எங்கள் ஹொஸ்டலின் வடிகாலை நினைத்து எல்லாரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம்.

இந்த ஊர் இவ்வளவு அப்படியே இருப்பதற்குக் காரணம் யாரும் பாதுகாத்தது இல்லை, தொழில் போனது. நீராவிக் கப்பல் காலத்தில் காலிதான் பெரிய துறைமுகம். 1870களில் கொழும்பில் அலைதாங்கி கட்டத் தொடங்கி, 80களில் கப்பல்கள் அங்கே போய்விட்டன. காசு வந்திருந்தால் இடித்துக் கட்டியிருப்பார்கள். காசு வராததால் வீடுகள் தப்பின.

லெய்ன் பான் தெருவில் நான் கொஞ்சம் நேரம் நின்றேன். ஒல்லாந்த மொழியில் அந்தப் பெயருக்குக் கயிறு திரிக்கும் இடம் என்று அர்த்தம். கப்பலுக்குக் கயிறு வேண்டும், இந்தக் கரையில் தென்னை இருந்தது, தென்னம்மட்டையில் நார் இருந்தது. அந்த நாரை ஆங்கிலத்தில் இன்றைக்கும் 'கொயர்' என்றுதான் சொல்கிறார்கள். அது மலையாளத்துக் கயர், நம் கயிற்றின் உடன்பிறப்பு. தெருவின் பெயர் ஒல்லாந்தம், திரித்த பொருளின் பெயர் நம்முடையது. இதைத் தமிழில் சொன்னதும் தோழி சிரித்தாள். பிறகு கேட்டாள்: "சரி, திரிச்சது ஆரு?"

அங்கிளிடம் கேட்டேன். "கம்பெனி ஆட்கள்" என்றார்.

நான் இந்த ட்ரிப்புக்கு முன்னால் கரீபியன் துறைமுகங்களில் நடக்கிற வீடியோக்கள் நிறையப் பார்த்திருந்தேன். குறாசோ தீவில் வில்லெம்ஸ்டாட் என்று ஒரு ஊர். அதுவும் ஒல்லாந்தர் ஊர், அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் (1997). ஒல்லாந்தர் குறாசோவைப் பிடித்தது 1634, காலியைப் பிடித்தது 1640. அங்கே மேற்கிந்தியக் கம்பெனி, இங்கே கிழக்கிந்தியக் கம்பெனி. படங்களைப் பக்கத்தில் வைத்தால் கூரைகள் சொந்தக்காரர் மாதிரி இருக்கும். ஆனால் வில்லெம்ஸ்டாட்டில் நடந்தால் அடிமை வியாபாரத்தைப் பற்றிப் பேசாமல் நடக்க முடியாது, ஆபிரிக்காவில் இருந்து கொண்டுவந்த மனிதர்களை வைத்திருந்து விற்ற தீவு அது. காலியில் பேசாமலே நடக்கலாம். எல்லாரும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

இங்கேயும் அடிமைகள் இருந்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் நாகபட்டினத்தைப் பிடித்தார்கள். அடுத்த இரண்டு மூன்று வருடம் தஞ்சாவூர்ப் பக்கம் போரும் பஞ்சமும். பட்டினி கிடந்த மக்களைக் கம்பெனி விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும். 8,000 முதல் 10,000 பேர் வரை என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அதே 1659இல் 'அவொன்ட்ஸ்டர்' என்ற கம்பெனிக் கப்பல், தென்னிந்தியக் கரைக்குப் பாக்கு ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில், காலித் துறைமுகத்திலேயே மூழ்கியது. அந்தக் கப்பலைக் கடலடித் தொல்லியல்காரர்கள் தேடி எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள், நல்ல விஷயம். எதிர்ப்பக்கம் இருந்து ஆட்களை ஏற்றிவந்த கப்பல்களுக்குத்தான் இந்த நடையில் ஒரு பலகையும் இல்லை. வாசலில் 1669 என்று பார்த்தோமே, அதற்குப் பத்து வருடம் முன்னால் நடந்த கதை இது. கயிறு திரித்தவர்களும் கல் சுமந்தவர்களும் என்ன மொழியில் திட்டிக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஊகம்தான்.

பத்து மணி இருக்கும். நான் தோழியிடம் கதைப்பதைக் கவனித்துக்கொண்டு வந்த அங்கிள், நல்ல மனத்தோடுதான், சிங்களத்தில் சொன்னார்: "தமிழ் ஆட்கள் இந்தப் பக்கம் பிறகு வந்தவங்க தானே, தேயிலைக்கு. இங்கிலிஸ்காரன் கூட்டிக்கொண்டு வந்தது."

மலையகப் பிள்ளைகளுக்கு இந்த வசனம் புதிது இல்லை. பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், கச்சேரி வரிசையில் ஏதோ ஒரு வடிவத்தில் வந்துவிடும். என் ஆட்களைப் பொறுத்தவரை அதில் பொய்யும் இல்லை. முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் என்று மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்களின் பேத்தி நான். காலி மாவட்டத்து மலைகளிலும் எங்கள் ஆட்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். ஆனால் "தமிழ்" என்பதை அந்த ஒரு நடையோடு மட்டும் தொடங்கினால் கணக்குப் பிழைக்கிறது. அதனால் நான் அங்கிளிடம் 1911இல் இதே ஊரில் கிடைத்த கல்லைப் பற்றிக் கேட்டேன்.

"ஆ, சீனக் கல்" என்றார்.

சீனக் கல்தான். மிங் பேரரசின் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. அதில் உள்ள திகதி 1409. காலியில் ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்ததை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். அதில் மூன்று மொழிகள்: சீனம், பாரசீகம், தமிழ். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி, மிகவும் தேய்ந்தது, இஸ்லாத்தைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயினாரைப் போற்றுகிறது. தேனாவரை என்பது காலிக்குக் கிழக்கே, இன்றைய தெவிநுவர. அங்கே கடலைப் பார்த்து நின்ற பெரிய கோயிலின் தெய்வம் அவர், விஷ்ணு. இபன் பதூதா 1344இல் அந்தக் கோயிலைப் பார்த்துவிட்டுத்தான் காலிக்கு வந்தான். 1588இல் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள்.

எனக்குப் பிடித்தது கல்லில் உள்ள காணிக்கைப் பட்டியல். சீனத்திலும் தமிழிலும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, விளக்கு, வாசனை எண்ணெய். ஒரு சாமிக்குக் கூட, ஒரு சாமிக்குக் குறைய என்று இல்லை. தளபதி பக்தியில் உருகிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். அவன் கெட்டிக்காரன். இந்தக் கரையில் யார் யாரோடு வியாபாரம் செய்ய வேண்டும், அவர்கள் எதை வாசிப்பார்கள், யாரைக் கும்பிடுவார்கள் என்று விசாரித்துவிட்டுச் செதுக்கியிருக்கிறான். 1409இல் ஒரு சீனத் தளபதி தென்னிலங்கைத் துறைமுகத்துக்கு எழுத நினைத்தபோது, தமிழ் தேவைப்பட்டது. எனக்கு அவ்வளவு போதும்.

அதற்கு மேல் அந்தக் கல்லை வைத்துக்கொண்டு "பார்த்தியா, நாங்கதான் முதல்" என்று சண்டைக்குப் போகிறவர்களையும் எனக்குத் தெரியும். இணையத்தில் நிறைய. அந்தக் கல் காணி உறுதி இல்லை. அதில் சிங்களம் இல்லை என்பதை வைத்து இங்கே சிங்களவர் இல்லை என்று யாராவது சொன்னால் அது எவ்வளவு மடத்தனமோ, தேயிலையோடுதான் தமிழ் வந்தது என்பதும் அவ்வளவுதான். அதோடு, சமாதானமாக மூன்று தெய்வங்களுக்கும் காணிக்கை எழுதிய அதே செங் ஹே, 1411 அளவில் இங்கே சண்டை போட்டு அலகேஸ்வரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனான். கல்லில் அது இல்லை. கல்லும் ஒரு வழிகாட்டிதானே, தனக்கு வேண்டியதைத்தான் சொல்லும்.

நான் இவ்வளவையும் சிங்களத்தில் சொல்லி முடிக்க, அங்கிள் கொஞ்சம் யோசித்தார். "தமிழும் இருக்கு என்று தெரியும். எந்த சாமி என்று தெரியாது" என்றார். பிறகு தேனாவரை என்ற பெயரை இரண்டு தரம் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்குச் சொல்வாரோ என்னவோ.

எங்கள் சிங்கள நண்பன் ஒருவன்தான் இலங்காதிலகவை ஞாபகப்படுத்தினான். பேராதனையில் படிக்கிறவர்கள் கட்டாயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிற நடை அது: எம்பக்க, இலங்காதிலக, கடலாதெனிய, மூன்று கோயில், வயல் வரப்பு வழியாக. மூன்றும் கம்பளை அரசர் காலத்தவை. இலங்காதிலக விகாரைப் பாறையில் நான்காம் புவனேகபாகுவின் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 1344ஐச் சேர்ந்தது. சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. பௌத்த விகாரைக்குக் கொடுத்த நிலத்தையும் தானத்தையும் தமிழிலும் எழுதி வைக்க வேண்டிய தேவை மலைநாட்டு நடுவிலேயே இருந்திருக்கிறது. கடலாதெனியவைக் கட்டிய சிற்பி கணேஸ்வராச்சாரி, தென்னிந்தியன். செங் ஹே கொண்டுபோன அலகேஸ்வரனின் குடும்பம் இதே கம்பளை அரசவையில் வளர்ந்த குடும்பம். எங்கள் கம்பஸில் இருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத்துக்குள் இருக்கிற ஊர்கள் இவை. நாங்கள் அவற்றைத் தாண்டி, மலையிறங்கி, ரயில் மாறி, இவ்வளவு தூரம் வந்துதான் அதைப் பேச வேண்டியிருந்தது.

மத்தியானம் அங்கிளுக்கு விடை கொடுத்துவிட்டு நாங்களே நடந்தோம். வெளிச்சவீடு 1939இல் கட்டியது, எல்லாரும் படம் எடுப்பது. அதற்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல், தூரத்தில் பார்த்தால் கத்தோலிக்கத் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். பக்கத்தில் போனால்தான் பிறை தெரியும். அந்தத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் தொப்பி போட்ட ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் தமிழில் கதைத்துக்கொண்டு போவதைக் கேட்டு, "எங்கேந்து வந்தீக்கிற மகள்?" என்றார்.

அன்றைக்கு அதுவரை நான் மட்டும்தான் தமிழை உள்ளே கொண்டுவந்தவள் மாதிரி நடந்துகொண்டிருந்தேன். இங்கே அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. காலிக் கோட்டை முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ். எங்கள் தோட்டத்துத் தமிழும் இல்லை, மட்டக்களப்புத் தமிழும் இல்லை. "ஈக்கி" என்று வரும், கேட்கக் கேட்க இனிக்கும். தோழி தன் மட்டக்களப்பில் கேட்க, அவர் காலியில் பதில் சொல்ல, நான் நடுவில் ஹட்டனில் நின்றேன். நாலு வீடு தள்ளிப் போனால் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலாம், ஆனால் அந்தத் திண்ணையில் தேவைப்படவில்லை.

பிளேன்டீ வந்தது. முன்னால் இந்தத் தெரு முழுக்க எங்கட ஆக்கள்தான் மகள் என்றார். வெளிநாட்டுக்காரர் நல்ல விலை கேட்டார்கள், பிள்ளைகள் கொழும்புக்குப் போனார்கள், ஒவ்வொன்றாக விற்றார்கள். இப்போது இடது பக்கம் ஹோட்டல், வலது பக்கம் நகைக்கடை, எதிரே கோப்பி குடிக்கிற இடம். "ஓதுற சத்தம் கேட்டு எழும்பின தெரு" என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை. நீங்கள் விற்பீர்களா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவன் சிங்களத்தில் கேட்டான். அவர் அழகான சிங்களத்தில், தான் மௌத்தாகும் வரை இல்லை என்றும், பிறகு நடப்பதைத் தான் பார்க்கப் போவதில்லை என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சுவர்களைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. எந்த நிறம் பூசலாம், எந்தக் கூரை போடலாம் என்று அனுமதி கேட்க வேண்டும். திண்ணையில் எந்த மொழி பேசப்பட வேண்டும் என்று ஒரு சட்டம் போட முடியாது, போடவும் கூடாது. எனக்கு இதற்கு ஒரு தீர்வும் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன்: வீடு பழையபடி இருந்து ஆள் மாறிவிட்டால், அதற்கு மரபுரிமை என்ற பெயர் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

பின்னேரம் மதிலில் உட்கார்ந்தோம். கொடிப் பாறையில் இருந்து பெடியன்கள் காசுக்குக் கடலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் கிரிக்கெட் மைதானம், பஸ் நிலையம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அந்தப் பக்கத்தை வாரிக்கொண்டு போனது. மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பீரங்கிக்குக் கட்டிய மதில் அலையைத் தடுத்தது. தோழி அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை. அவள் ஊர்க் கரையில் மதில் இருக்கவில்லை.

அடுத்த நாள் திரும்பும்போது கொழும்பில் இறங்கித் தேசிய நூதனசாலைக்குப் போனோம், கல் அங்கேதான் இருக்கிறது. என்னை விடக் கொஞ்சம் உயரம். மேலே விளிம்பில் டிராகன்கள். கண்ணாடிக்கு முன்னால் ஒன்பது பேரும் நெருக்கியடித்து நின்றோம். தமிழ்ப் பகுதி எங்கே என்று கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது, எழுத்து பொடி. வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால்தான் தெரிகிறது. சிங்கள நண்பன், "சரி, வாசி" என்றான்.

ஒரு 'ய' தெரிந்தது. ஒரு 'ன' மாதிரி ஒன்று. தோழி வேறொரு மூலையில் 'ர' பிடித்தாள். முழுச் சொல் ஒன்றும் எங்களுக்கு அகப்படவில்லை. நூதனசாலை மூடப் போகிறது என்று காவலாளி வந்து சொல்லும்வரை நாங்கள் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் 'க' ஒன்றைக் கண்டுபிடித்தது அந்தச் சிங்கள நண்பன்தான், கம்பஸ் பஸ்ஸின் பெயர்ப்பலகையில் பழகின எழுத்து என்றான்.